10.30-க்கும் 4.25-க்கும் நடுவே

சென்னையில் பதிவான ஒரு போதைப்பொருள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தந்த தீர்ப்பை வக்கீல்கள் இன்னமும் சிலாகிக்கிறார்கள். விசாரணையை முடிக்க வேண்டிய 180 நாள் கெடு முடிந்த மறுநாள் காலை 10.30-க்கு ஜாமீன் மனு போய்விட்டது. அன்று மாலை 4.25-க்கு வருவாய்ப் புலனாய்வுத் துறை அவசர அவசரமாகக் கூடுதல் புகாரைத் தாக்கல் செய்தது. காலையில் கேட்டவரின் உரிமையை மாலையில் வந்த காகிதம் பறிக்க முடியாது என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த வக்கீலுக்கு அன்று வேறு கோர்ட்டில் வேலை இருந்து, ஐந்து மணிக்குப் போயிருந்தால்?

உரிமை போயிருக்கும். தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கொடுத்தே ஆக வேண்டிய, டீஃபால்ட் பெயில் என்கிற கட்டாய ஜாமீனால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விசாரணைக் காவலுக்குக் கொடுத்தது 15 நாள். அதற்குள் வேலை முடியாததால் அரைகுறை அறிக்கையைக் கொடுத்துக் காவலை நீட்டிக்கொண்டே போனார்கள். 1973-இல் வந்த 167(2) பிரிவு அதற்குக் கடிவாளம் போட்டது. இன்று அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(3). குற்றத்தைப் பொறுத்து 60 நாள் அல்லது 90 நாள் கெடு. கொரோனா ஊரடங்கில் வழக்குக் கெடுக்களெல்லாம் நீட்டிக்கப்பட்டபோது, அந்தச் சலுகை போலீசுக்குக் கிடையாது என்று மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி சொன்னார், உண்டு என்று இன்னொருவர் சொன்னார். சமயநல்லூர் காவல் நிலைய வழக்கில் உச்ச நீதிமன்றம் முதலாமவர் பக்கம் நின்றது. இதெல்லாம் சரி.

என் பழைய மனக்குறை வேறு. கெடு முடிந்ததும் கதவு தானாகத் திறப்பதில்லை. உள்ளே இருப்பவர் தட்ட வேண்டும். தட்டுவதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை இல்லாமலே போய்விடும். 1994-இல் சஞ்சய் தத் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது இதைத்தான். பின்னால் வந்த தீர்ப்புகள் இந்த உரிமையை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு வரை உயர்த்தி வைத்தன. அத்தனை உயரத்தில் இருப்பது தாக்கல் பிரிவில் யார் முந்தினார் என்பதைப் பொறுத்துப் பிழைக்கிறது அல்லது சாகிறது.

டீஃபால்ட் என்ற பெயரே போலீசின் தவறுதலைக் குறிப்பது. தவறியது ஒருவர், மனுப் போட வேண்டியது இன்னொருவர். ரிமாண்ட் தொடங்கிய தேதி மாஜிஸ்திரேட்டின் கோப்பில் இருக்கிறது, சிறையின் பதிவேட்டில் இருக்கிறது, விசாரணை அதிகாரியின் டைரியில் இருக்கிறது. தேதி கையில் இல்லாதவர் ஒருவர்தான், கைதி. அவரைத்தான் எண்ணச் சொல்கிறோம். 15 நாளுக்கு ஒரு தரம் காணொளியில் முகத்தைக் காட்டிவிட்டு செல்லுக்குத் திரும்புகிறவர், தன் மேல் போட்ட பிரிவுக்கு அறுபதா தொண்ணூறா என்று கண்டுபிடிக்க வேண்டும். உயர் நீதிமன்றங்களே அதில் மாறுபட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன.

குற்றப்பத்திரிகை வந்தபின் காவலுக்கு வேறு சட்டப் பிரிவு வந்துவிடுகிறது, கேட்காமல் விட்டதற்கு நீதிமன்றம் என்ன செய்யும் என்பது வழக்கமான பதில். 91-ஆம் நாளிலிருந்து குற்றப்பத்திரிகை வரும் வரை அவரை எந்தப் பிரிவின் கீழ் வைத்திருந்தீர்கள் என்று திருப்பிக் கேட்டால், கைதி ஜாமீன் கொடுக்காத வரை காவலில் வைக்கலாம் என்ற விளக்கக் குறிப்பைக் காட்டுவார்கள். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் உள்ளே கிடப்பது ஒன்று. ஜாமீன் உண்டு என்று யாரும் சொல்லாததால் உள்ளே கிடப்பது முற்றிலும் வேறு.

வாயால் கேட்டாலே போதும் என்று 2017-இல் ஒரு அசாம் வழக்கில் தளர்த்தினார்கள். கைதிக்கு மாஜிஸ்திரேட்டே எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். சொல்லாவிட்டால்? குற்றப்பத்திரிகை வந்த பிறகு அந்தக் கேள்விக்கே இடமில்லை.

வேறு வழி இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இருக்கிறது, அதே சட்டப் புத்தகத்திலேயே. விசாரணைக் கைதி ஒருவர் அதிகபட்சத் தண்டனையில் பாதியையோ, முதல் குற்றமானால் மூன்றில் ஒரு பங்கையோ சிறையில் கழித்துவிட்டால், அவரை ஜாமீனில் விடும்படி சிறைக் கண்காணிப்பாளரே உடனடியாக நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்கிறது 479(3). வருடங்களைக் கணக்கு வைத்துக்கொள்ளத் தெரிந்த சிறைக்குத் தொண்ணூறு வரை எண்ணத் தெரியாதா? 2023-இல் முழுச் சட்டத்தையும் திருப்பி எழுதியவர்கள் இந்த ஒரு வரியை 187-இல் சேர்க்காமல் விட்டதை மறதி என்று நான் நம்பத் தயாரில்லை. கைதி கேட்க மறப்பதில் அரசுக்கு லாபம் இருக்கிறது.

(தமிழ்நாட்டில் தட்டினாலும் போதாது என்பது தனிக் கதை. ஜாமீன் கிடைக்கும் நேரம் பார்த்து குண்டாஸ் போட்டுவிட்டால் ஒரு வருடம் வரை உள்ளேதான்.)

பீமா கோரேகான் வழக்கில் சுதா பரத்வாஜுக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2021 டிசம்பர் 1 அன்று கட்டாய ஜாமீன் கொடுத்தது. காவல் கெடுவை நீட்டித்த புணே நீதிபதிக்கு அந்த அதிகாரமே இல்லை என்பது காரணம். அதே தீர்ப்பில் இன்னும் எட்டுப் பேருக்கு ஜாமீன் மறுக்கப்பட்டது. உரிய காலத்தில் அவர்கள் கேட்கவில்லையாம். அந்த எட்டுப் பேரில் அருண் ஃபெரேராவும் வெர்னன் கோன்சால்வஸும் சுதா பரத்வாஜைப் போலவே 2018 ஆகஸ்ட் 28 அன்று கைதானவர்கள். அவர்களுக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது 2023 ஜூலை 28 அன்று.