பத்து ரூபாய்க்குக் கிடைத்தது

பழைய புத்தகக் கடையைப் பற்றி எழுதாத தமிழ் வாசகர் குறைவு. இந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. மூர் மார்க்கெட்டில் தொடங்கும். 1985 தீவிபத்துக்கு ஒரு பெருமூச்சு. அப்புறம் திருவல்லிக்கேணி நடைபாதை. கடைசியில் ஒரு அரிய புத்தகமும் அதன் விலையும். "பத்தே ரூபாய், கடைக்காரருக்கு மதிப்பு தெரியவில்லை" என்று முடியும். நானும் இப்படி இரண்டு மூன்று எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது.

முதலில் அந்தச் சுகத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பாரதி சாலையில் (பழைய ஆட்களுக்கு இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடுதான்) புத்தகங்களைத் தரையில் பரப்பியிருப்பார்கள். இன்ஜினியரிங் பாடப்புத்தகம், வங்கித் தேர்வு கைடு, நடுவே முதுகு பிய்ந்த ஒரு தமிழ்ப் புத்தகம். ஆண்டு போடாத பதிப்பு என்றால் இன்னும் ருசி. விலை அணாவில் இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தியது. நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவில். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தியது. துதிக்கை வைத்த லை, னை இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சுக் கோத்தது. எதுவும் தீர்ப்பு இல்லை, தடயம்தான். ஆனால் வெயிலில் குந்தி உட்கார்ந்து இதையெல்லாம் கூட்டிப் பார்க்கும் அரை மணி நேரத்துக்கு ஈடே கிடையாது.

சரி, கூச்சம் எதற்கு? சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, ஒரே குவியலில் நான்கு புத்தகங்கள் பார்த்தேன். நான்கின் முதல் பக்கத்திலும் நீல மசியில் ஒரே கையெழுத்து. ஒன்று நன்னூல் உரை. மற்றவை ஒரு பஞ்சாங்கம், ரயில்வே கால அட்டவணை, ஏதோ பள்ளிக்கூட ஆண்டு மலர். நன்னூலை மட்டும் எடுத்தேன்.

"எங்கேர்ந்து வந்துது இது?"

"ஒரு வாத்தியார் வீடு சார். பசங்க வீட்டை இடிக்கப் போறாங்க. ரெண்டு ஆட்டோ ஏத்தினோம். மீதி மூணையும் எடுத்துக்கங்க, சேர்த்துப் போட்டுத் தரேன்."

வேண்டாம் என்றேன். குப்பை என்று நினைத்தேன், அதுதான் உண்மை. வீட்டுக்கு வந்து பிரித்தால் புணர்ச்சி விதிகளின் ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. எந்த விதியில் பையன்கள் தடுக்கி விழுகிறார்கள், எந்த உதாரணம் சொன்னால் புரிகிறது என்று வருடக்கணக்கில் எழுதிச் சேர்த்திருக்கிறார். நான்கைந்து இடங்களில் ஒரே வரி: மலரில் என் கட்டுரை பார்க்க. அந்த மலரைத்தான் நான் விட்டுவிட்டு வந்திருந்தேன். அடுத்த ஞாயிறு ஓடினேன். "அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சு சார்" என்றார்.

வால்டர் பெஞ்சமின் 1931இல் தன் நூலகத்தைப் பெட்டிகளிலிருந்து பிரித்து அடுக்குவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சேகரிப்பவன் ஒரு புத்தகத்தை வாங்குவது அதற்கு விடுதலை கொடுப்பது போல என்கிற எண்ணம் அதில் வருகிறது. நம் பழைய புத்தகக் கட்டுரைகளும் தெரிந்தோ தெரியாமலோ இதையே சொல்கின்றன: கடைக்காரனிடமிருந்தும் ராமபாணப் பூச்சியிடமிருந்தும் மீட்டேன் என்று. ஆனால் உடைமையாளரை இழந்த சேகரிப்பு தன் பொருளையும் இழக்கிறது என்ற எண்ணமும் அதே கட்டுரையில் இருக்கிறது. அதை மட்டும் நாம் எடுத்துக்கொள்வதில்லை. நடைபாதைக்கு வருவதில் பாதி, கலைந்துபோன ஒருவர் வீட்டு அலமாரி. ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்றை விட்டு வந்தால், அதைக் கலைத்ததில் எனக்கும் பங்குண்டு.

எதிர் உதாரணம் நம்மிடமே இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று பிறர் குப்பை என்பதையும் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை மொத்தமாக வாங்கியது. 1994இல் அதை வைத்துச் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அந்த "மொத்தமாக"தான் முக்கியம். நல்லதை மட்டும் பொறுக்கியிருந்தால் அது இன்னொரு கடைச் சரக்காகச் சிதறியிருக்கும்.

எல்லாரும் ரெண்டு ஆட்டோ சரக்கை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. என் வீட்டிலும் இடமில்லை, சொன்னால் சண்டைதான் வரும். ஆனால் ஒன்று முடியும். இப்போதெல்லாம் வாங்கிய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தேதி, இடம், கடைக்காரர் சொன்ன சேதி, அதே குவியலில் கூடக் கிடந்த மற்றவற்றின் தலைப்பு எல்லாம் குறித்து வைக்கிறேன். ஒரே கையெழுத்து இரண்டில் தெரிந்தால் இரண்டையும் வாங்கிவிடுகிறேன், ஒன்று பஞ்சாங்கமாக இருந்தாலும்.

விலையையும் எழுதுகிறேன். ஆனால் அதைக் கடைசியில்.