சீரோ செயலி: விரதக் கணக்கும் காலைக் காபியும்

சீரோ என்பது விரத நேரத்தைக் கணக்கெடுக்கும் கைபேசிச் செயலி. அமெரிக்கத் தொழில்முனைவர் கெவின் ரோஸ் 2016இல் இதை வெளியிட்டார். சாப்பிட்டு முடித்ததும் ஒருமுறை, மறுநாள் முதல் வாய் உண்ணும் முன் மறுமுறை பொத்தானைத் தொட்டால் போதும். இடைப்பட்ட நேரம் பதிவாகிவிடும். 13, 16, 18 மணி என இலக்கு வைத்துக்கொள்ளலாம். தொட மறந்தால் நேரத்தைப் பிறகு திருத்தலாம். இது பெரிய வசதி.

எடமலைப்பட்டி புதூரில் ஒருவர் இரவு 8 மணிக்குச் சாப்பாட்டை முடித்தால், 16 மணி நேர விரதம் மறுநாள் நண்பகலில் நிறையும். காலை டிபனை விடுவது சில நாளில் பழகிவிடும். கடினம் காபிதான். பாலும் சர்க்கரையும் சேர்ந்த காபியை 6 மணிக்குக் குடித்தால் விரதம் பத்து மணி நேரத்தோடு முடிந்தது. பொத்தானைத் தொடாதவரை செயலியோ 16 மணி நேரத்தையே காட்டும். காபியைப் பதியாத கணக்கு வீண்.

இதற்கு நல்ல மாற்று வழி உண்டு. சால்க் ஆய்வு நிலையத்தின் சச்சின் பாண்டா குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் வாயில் போட்ட ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினார்கள். பாதிக்கும் மேற்பட்டோரின் உணவு நாளில் ஏறக்குறைய 15 மணி நேரத்துக்குப் பரவியிருந்தது. வேர்க்கடலை ஒரு பிடி, டீ அரை டம்ளர் என்று நினைவில் நிற்காதவற்றைப் படம் காட்டிக்கொடுக்கும்.

விரதம் நீள நீள, உடல் கொழுப்பை எரிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டதாகச் செயலி காட்டுகிறது. இது அளவீடு அல்ல, மணிக்கணக்கை வைத்துச் சொல்லும் ஊகம். முந்தைய இரவு தட்டு நிறையச் சோறு உண்டவருக்கும் இரண்டு சப்பாத்தியோடு எழுந்தவருக்கும் திரை ஒன்றையே காட்டும்.

உண்மையான அளவு வேண்டுமென்றால் மேல்கையில் ஒட்டும் குளுக்கோஸ் சென்சார் இருக்கிறது. அபாட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே 14 நாள் வேலை செய்யும். அது பார்ப்பது ரத்தத்தை அல்ல, தோலடி திரவத்தை. அதனால் மாற்றம் சில நிமிடம் தாமதித்தே தெரியும். எதுவும் உண்ணாமலே விடியற்காலையில் கோடு ஏறுவதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். விழிக்கும் நேரத்து ஹார்மோன்களின் தூண்டுதலால் கல்லீரல் குளுக்கோஸை வெளியிடுவதே காரணம். விரதம் கெடவில்லை. சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தால் அளவு பொய்யாகத் தாழவும் செய்யும்.

எடைக் குறிப்பிலும் நிதானம் வேண்டும். முதல் வாரத்தில் குறைவதில் பெரும்பங்கு தண்ணீர். 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 116 பேர் 12 வாரம் பங்கேற்றார்கள். 16 மணி நேர விரதம் இருந்தவர்களுக்கும் வழக்கம்போல் உண்டவர்களுக்கும் எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வாரச் சராசரியே பார்க்கத் தக்கது.

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்குத் தசமி இரவோடு உணவை நிறுத்தி, துவாதசி காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துப் பாரணை செய்பவர்களின் விரதம் ஒன்றரை நாளை எட்டும். செயலி இதையும் பதியும். ஆனால் யார் இவ்வளவு நேரம் பட்டினி கிடக்கலாம் என்பதை அதனால் தீர்மானிக்க முடியாது. இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு எடுப்பவர்களுக்குச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும் ஆபத்து உண்டு. மருத்துவரிடம் மருந்தளவைப் பேசாமல் தொடங்கக் கூடாது. தண்ணீரும் அருந்தாத ரமலான் நோன்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கர்ப்பிணிகள் விரதப் பழக்கத்தைத் தவிர்க்க வேண்டும்.

எடை, உணவு நேரம், சர்க்கரை அளவு மூன்றும் சேர்ந்தால் அது ஒருவரின் உடல்நலக் கோப்பு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தந்த தரவை அழிக்கக் கோரும் உரிமையை வகுத்துள்ளது. கைபேசியிலிருந்து செயலியை நீக்குவதால் மட்டும் நிறுவனத்தின் சர்வரில் உள்ளது அழியாது. முதலில் அமைப்புகளுக்குள் போய்க் கணக்கையே அழிக்க வேண்டும். செயலியை நீக்குவது அதற்குப் பிறகு.