ஆடாத ஆசான்

சிறந்த பயிற்சியாளர் முன்பு முதல்தர ஆட்டக்காரராகவும் இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் விளையாட்டு உலகில் பரவலாக உண்டு. கும்பகோணம் வட்டாரத்தில் வேரூன்றிய நட்டுவனார் மரபு இதற்கு நேர் எதிரானது. பரதநாட்டியத்தின் முன்வடிவமான சதிர் மேடையில் ஆடியவர்கள் பெண்கள். அவர்களை உருவாக்கிய நட்டுவனார்கள் பெரும்பாலும் ஆண்கள், மேடையில் ஆடாதவர்கள்.

நடன ஆசான்களான தஞ்சை நால்வர் வழியில் வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1869–1954) ருக்மிணி தேவி, ராம் கோபால், மிருணாளினி சாராபாய் ஆகிய நடனக் கலைஞர்கள் பயின்றனர். நட்டுவனார் உட்கார்ந்த இடத்திலிருந்தே தட்டுக்கழியால் தாளம் தட்டி, சொற்கட்டு சொல்லி, அடவைத் திருத்துவார். ஆடாதவர் என்பதற்காக அவர் அறியாதவர் ஆகிவிடமாட்டார். இசையும் லயமும் அவருக்குக் குலவித்தை.

இம்முறையின் முதல் பலம் பார்வை. அரைமண்டி தளர்வதும் தோள் சாய்வதும் ஆடுபவருக்குத் தெரிவதைவிட எதிரே இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது, தனக்கென்று மேடைப் பாணி இல்லாததால், மாணவியைத் தன் நகலாக்கும் ஆசை ஆசிரியருக்குக் குறைவு. அவளுடைய உடல்வாகுக்கு ஏற்ப ஜதி கோப்பதும் எளிது.

குறைகளும் உண்டு. மூச்சு வாங்கும்போது முகபாவம் கலையாமல் காப்பது எப்படி என்பதை ஆடியவரே உணர்ந்து சொல்ல முடியும். நடனக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு நிருத்தம் கற்பித்தவர் நட்டுவனார் கந்தப்பப் பிள்ளை. அபிநயத்துக்கோ பாலசரஸ்வதி, தாமே ஆடிப் புகழ்பெற்ற மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் சென்றார். மற்றொரு குறை அதிகாரம் சார்ந்தது. நட்டுவாங்கம் நெடுங்காலம் ஆண்கள் கையில் இருந்ததால், ஆடிய பெண்களின் அனுபவம் கற்பித்தலுக்குள் முழுமையாக வந்து சேரவில்லை.

விளையாட்டிலும் இதே கணக்குத்தான். கிரிக்கெட் வீரர் சச்சினின் ஆசான் ரமாகாந்த் அச்ரேகர் ஆடிய முதல்தரப் போட்டி ஒன்றே ஒன்று. தொழில்முறைக் கால்பந்து ஆடாத அரிகோ சாக்கி, மிலான் அணிக்கு 1989, 1990 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்தார். மறுபக்கம், 2001-இல் ஆல் இங்கிலாந்து பாட்மிண்டன் பட்டம் வென்ற கோபிசந்த், சாய்னாவையும் சிந்துவையும் ஒலிம்பிக் பதக்கம்வரை கொண்டுசென்றார்.

2024-இல் உலகச் சதுரங்க வாகையரான குகேஷின் வளர்ச்சியில் இவ்விரு வகையினரும் இணைந்தனர். சிறுவயதிலிருந்து அவரைச் செதுக்கிய விஷ்ணு பிரசன்னா கிராண்ட்மாஸ்டர். ஆனால் உலகின் முன்னணி வரிசையில் ஆடியவர் அல்லர். பின்னாளில் வழிகாட்டிய ஆனந்த் ஐந்து முறை உலக வாகையர்.

ஆக, அடித்தளம் இடும் பருவத்தில் பிழையைக் காணும் கண்ணும் பொறுமையும் முறையான பாடமும் போதும். முன்னாள் புகழ் கட்டாயமில்லை. உச்சத்தை நெருங்கும்போது அங்கே நின்று பழகியவரின் துணை பயன் தரும். இரண்டும் ஒருவரிடமே இருக்க வேண்டியதில்லை என்பதற்குக் கந்தப்பப் பிள்ளையும் கௌரி அம்மாளும் சான்று.