வீட்டால் எழும்பும்போது

"சிலோன்காரங்க காலி பண்ணிட்டுப் போனா நாலு நாள் ஆள் வெச்சுக் கழுவணும்." சென்னை மண்ணடியில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடியின் சொந்தக்காரப் பெண்மணி, படிக்கட்டில் நின்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கணவரின் வைத்தியத்துக்காக மூன்று மாதம் அங்கே இருந்தோம். மருந்துப் பையோடு கீழே நின்ற என்னை அவர் காணவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் நானும் மகளும் அந்த மாடியை மூன்று தரம் கழுவினோம். குசினிச் சுவரில் எங்களுக்கு முன்பிருந்தவர்கள் விட்டுப்போன எண்ணெய்க் கறையையும் தேய்த்தெடுத்தோம். அப்படியிருந்தும் பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்சில் கழித்துக்கொண்டார். அது அங்கே வழமையாம். காசு போனதை மறந்துவிடலாம். அந்தச் சொல்லை மறக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

சென்னையில் வீட்டைக் 'காலி பண்ணுகிறார்கள்'. இலங்கையில் நாங்கள் வீட்டால் 'எழும்புகிறோம்'. பாயில் படுத்தவர் எழும்பினால் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத்தானே போவார்? அந்த முறை எங்கள் சொல்லிலேயே இருக்கிறது. அங்கே பெருக்குவது, இங்கே கூட்டுவது. இரண்டுமே கணக்குப் பாடத்திலும் வருகிற சொற்கள் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். அங்கே துடைப்பம், இங்கே விளக்குமாறும் தும்புத்தடியும். அங்கே சென்ட், இங்கே பேர்ச்சஸ். விற்கிற வீட்டுக்கு அங்கே கிரயப் பத்திரம், இங்கே உறுதி. உறுதி என்ற சொல்லில் கொடுத்த வாக்கும் சேர்ந்து கேட்கிறது. பத்திரத்தில் எனக்கு அது கேட்பதில்லை.

எங்கள் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி முடித்தால், உம்மாவும் வாப்பாவும் தாங்கள் இருக்கிற வீட்டையே சீதனமாக எழுதிக் கொடுப்பதுண்டு. மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பெற்றவர்கள் அதே வளவில் ஒரு பக்கமாகவோ வேறு காணியிலோ சிறிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அதுவும் போகும். மூன்று பெண் பெற்ற என் உம்மா மூன்று தரம் எழும்பினார். எழும்புவதை அவருக்கு ஒருவரும் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் எழும்பும் விதத்தைப் பார்த்தே நாங்கள் பழகினோம். அலுமாரியை இழுத்து அதன் பின்னால் கூட்டுவார். சுவரில் அடித்த ஆணிகளைப் பிடுங்கி ஓட்டைகளுக்குச் சுண்ணாம்பு வைப்பார். கிணற்றை இறைத்துச் சேறெடுப்பிப்பார். எங்கள் கடற்கரை மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். மலசலகூடக் குழி சீக்கிரம் நிரம்பும். அதனால் பவுசரைக் கூப்பிட்டு அதையும் எடுப்பித்துவிடுவார். கரண்ட் பில், தண்ணீர் பில், சோலைவரி எல்லாவற்றையும் கட்டிய பற்றுச்சீட்டுகளை ஒரு பையில் போட்டுக் கதவின் பின்னால் தொங்கவிடுவார். கடைசியில் வளவுக்குப் புது வெள்ளை மணல் போட்டு, ஈர்க்கு விளக்குமாற்றால் பின்னுக்கு நடந்தபடியே கேற்றடி வரைக்கும் கூட்டிக்கொண்டு வருவார். மணலில் விளக்குமாற்றின் கோடுகள் மட்டும் இருக்கும். முதல் காலடி புதிதாக வருகிறவர்களுடையதாக இருக்க வேண்டும். கிணற்றடியில் புதுக் கயிறும் வாளியும் இருக்கும். வந்தவர்கள் முதல் நாளே வாளிக்கு அலையக்கூடாது.

மகளுக்குத்தானே இவ்வளவும் என்று கேட்கலாம். சின்னம்மாவின் வீட்டை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றபோதும் இதில் ஒன்றும் குறையவில்லை. நொத்தாரிசின் முன் கையெழுத்து வைத்துவிட்டு வந்த பிறகும் சின்னம்மா போய் யன்னல் கம்பிகளைத் துடைத்தார்.

இனி அங்கே. என்னோடு படித்தவளின் மகள் வேளச்சேரியில் ஒரு பழைய பிளாட் வாங்கினாள். விற்றவர்கள் ஃபேன், டியூப்லைட், கீசர், அழைப்பு மணி வரைக்கும் கழற்றிக்கொண்டு, பரணில் காலி டப்பாக்களையும் பழைய காலண்டர்களையும் விட்டுப் போயிருந்தார்கள். கேட்டதற்கு, "நீங்க எப்படியும் பெயிண்ட் அடிச்சு, கழுவிவிட்டுத்தானே பால் காய்ச்சுவீங்க" என்றார்களாம். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு முன் வருகிறவர்களே வீட்டைத் தங்கள் கையால் புதுப்பிக்கிறார்கள். துப்புரவு அங்கே வருகிறவரின் வேலை. எங்களிடமும் குடிபூரல் உண்டு, பாலும் காய்ச்சுவோம்; ஆனால் துப்புரவு போகிறவரின் கடமை.

சட்டத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. விலை பேசி முடித்த நாள் தொடங்கி ஒப்படைக்கும் வரை, நிதானமுள்ள சொந்தக்காரர் தன் பொருளைப் பேணுவதுபோல் விற்பவர் பேண வேண்டும் என்று இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விற்பனைக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று கேட்கிறது. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. அட்வான்சுக்கும் தமிழ்நாட்டில் 2017இல் சட்டம் வந்துவிட்டது: வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. எழுதியிருப்பது நல்லதுதான். எங்கள் உம்மாமாருக்கு எழுத வேண்டியிருக்கவில்லை.

சென்னையில் இருந்த நாட்களில் காயல்பட்டினத்துக்கும் இரண்டு நாள் போனோம். அங்கேயும் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்கள் போய்வர வீடுகளுக்கிடையில் தனி முடுக்குகள். நாங்கள் தங்கிய வீட்டுப் பெண்மணி, மகளுக்குக் கொடுக்கப்போகும் அறைகளைத் திறந்து காட்டினார். தரையில் முகம் தெரிந்தது. என் உம்மாவின் கைக்கு அது ஒரு துளியும் குறைந்ததல்ல. இந்தியாவில் பார்த்தேன் என்பதைவிட, எங்கள் ஊரை இன்னொரு கரையில் பார்த்தேன் என்றே எனக்குப் பட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. கடற்கரையோரம் இருந்த எங்கள் வீட்டில் இடுப்பளவுச் சுவரும் சீமெந்துத் தரையும் கிணறும் மிஞ்சின. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் இனி வீடு கட்ட முடியாது என்று முதலில் அறிவித்தார்கள். எங்கள் வளவு அதற்குள். கூடாரத்திலிருந்து ஒரு காலை உம்மா மண்வெட்டியோடு கிளம்பினார். நானும் பின்னால் போனேன். தரையில் கிடந்த மணலை அள்ளினார். கிணற்றுக்குள் விழுந்திருந்த ஓலையையும் தகரத்தையும் ஆள் பிடித்து எடுப்பித்தார். பிறகு கூட்டத் தொடங்கினார்.

"ஆருக்கும்மா இது? ஆரு வந்து இருக்கப் போறாங்க?" என்றேன்.

"நாம எழும்புறம் புள்ள" என்றார்.

உப்புத் தண்ணீர் நின்ற அந்தக் கிணற்றடியில் புதுக் கயிறும் ஒரு வாளியும் வைத்துவிட்டு வந்தார்.