பரமார்த்த குருவும் மூடர் விழாவும்

இடைக்காலத்தில் பிரான்சு நாட்டுப் பேராலயங்களில், சனவரி முதல் நாளையொட்டி 'மூடர் விழா' கொண்டாடப்பட்டது. கடைநிலைத் துணைத் திருத்தொண்டர்கள் அன்று வழிபாட்டை முன்னின்று நடத்துவர். வலியோரை இறைவன் கீழே இறக்குகிறார் என்னும் மரியாவின் பாடற்கருத்தே அதன் உயிர். அவ்வடியை அவர்கள் பாடி ஓயவில்லை போலும். 1198இல் பாரிசு ஆயர், ஐந்து முறைக்கு மேல் பாடலாகாதென வரம்பு கட்டினார்! 1435இல் பேசல் பொதுச்சங்கம் விழாவையே கண்டித்தது.

அவ்விழா தமிழகத்திற்கு வரவில்லை. அதன் சிரிப்பு மட்டும் வந்தது, மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்த வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை' வழியாக.

பிற சமய மடத்துக் குருக்களை எள்ளிய நூலென்று இதனை ஒதுக்குவோர் உளர். அவ்வாசிப்பு போதாதென்பது நம் துணிபு. 'குரு' என்பது நம் வீட்டுச் சொல்லன்றோ? குருத்துவம், குருமடம், குருவானவர் என நாள்தோறும் வழங்குகிறோம். 1727இல் 'வேதியர் ஒழுக்கம்' வகுத்த கை, அச்சொல்லின் எதிரொலியை உணராமல் எழுதியிருக்குமா?

ஆறு உறங்குகிறதா எனக் கொள்ளிக்கட்டையால் சோதித்த பின்பே குருவும் சீடரும் அக்கரை சேர்கின்றனர். (பரவையை ஒட்டிய வைகையில் ஆண்டின் பல மாதங்கள் அச்சோதனை தேவைப்படாது.) கரையேறியவர்கள் தலைகளை எண்ணுகின்றனர், எண்ணுபவன் தன்னை விட்டுவிடுகிறான். ஆறு பேர் ஐவராகி, ஒருவனை ஆறு விழுங்கிற்றென்று ஒப்பாரி எழுகிறது. வழிப்போக்கன் ஒருவன் ஒவ்வொருவர் முதுகிலும் அடித்து எண்ணிக் காட்டிய பின்னரே கணக்கு நேராகிறது.

நூலின் நெஞ்சு இக்காட்சியிலேயே துடிக்கிறது. குருவைக் கண்டு நகைக்கும் வாசகனும் தன்னை எண்ணாது விட்டவனே. ஆசிரியரோ விட்டுவிடவில்லை. மட்டி, மடையன், பேதை, மூடன் என்னும் பெயர்களிடையே ஒன்று மட்டும் இசையாது நிற்கிறது: மிலேச்சன். அது அறிவிலியை மட்டுமன்று, அயல்நாட்டானையும் குறிக்கும் ஏச்சு. இத்தாலியில் பிறந்து இங்கு வந்தவர் அப்பெயரை ஒரு சீடனுக்கு இட்டது தற்செயல் என நாம் கருதவில்லை. அந்தத் தலைகளுள் தம் தலையையும் அவர் எண்ணிக்கொண்டார்.

குதிரை முட்டையென்று பூசணிக்காயை வாங்கும் பகுதி சிறுவர் நூல்களில் தேய்ந்துவிட்டது, அதனை விடுக்கலாம். முதற்பதிப்பு 1822இல் இலண்டனில் வெளிவந்தது முதல், நூலைக் குழந்தைக் கதையாகவும் மொழிப் பயிற்சியாகவுமே பலர் கையாண்டுள்ளனர். அவ்வளவில் நிறுத்துவது நமக்கு வசதியே. பங்கு விழா நாடகங்களில் கோமாளி இன்றும் வருகிறான். சிற்றூர்த் தலைவரையும் வட்டிக்காரரையும் கேலி செய்கிறான். பங்குத்தந்தையைக் குறித்த வசனம் மட்டும் ஒத்திகையிலேயே நீக்கப்பட்டுவிடுகிறது.