தொலைவும் அனுமதியும்: எதிர்கால உணவு உற்பத்தி குறித்த நிழற்படங்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தொழில்மயமான உணவு உற்பத்தியைக் காட்டும் சமகால நிழற்படங்கள் பல, வானிலிருந்தோ வெகுதொலைவிலிருந்தோ எடுக்கப்பட்டவை. இவை துன்பத்தையும் அழிவையும் அழகாக்கிவிடுகின்றன என்பது இவற்றின்மீது வழக்கமாகச் சுமத்தப்படும் குற்றச்சாட்டு. உற்பத்திக் களத்துக்குள் நுழைய யாருக்கு அனுமதி கிடைக்கிறது என்பதற்கும் படத்தின் தோற்றத்துக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது. ஜார்ஜ் ஸ்டைன்மெட்ஸ், மிஷ்கா ஹென்னர், எட்வர்ட் பர்டின்ஸ்கி, ஹெங்க் வில்ட்ஸ்குட், லூகா லொகாட்டெல்லி ஆகியோரின் படைப்புகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: நிழற்படத் திறனாய்வு, உணவு உற்பத்தி, வான்கோணம், அழகியலாக்கம், உழைப்பு, கருப்பொருள்

முன்னுரை

2050ஆம் ஆண்டில் உலக மக்கள்தொகை சுமார் 970 கோடியாக இருக்கும் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் கணிப்பு. இத்தனை பேருக்கும் உணவு எவ்வாறு கிடைக்கும் என்னும் வினாவை நிழற்படக் கலைஞர்கள் பலர் கையிலெடுத்துள்ளனர். அவர்களுள் அமெரிக்கரான ஜார்ஜ் ஸ்டைன்மெட்ஸின் முயற்சி விரிவானது. சுமார் பத்தாண்டுகள் பல நாடுகளில் பயணம் செய்து எடுத்த படங்களை அவர் ‘ஃபீட் தி பிளானட்’ என்னும் நூலாக 2024இல் வெளியிட்டார். அதன் உரைப்பகுதியை ஜோயல் போர்ன் எழுதியுள்ளார்.

இவ்வகைப் படங்களைக் குறித்த திறனாய்வு பெரும்பாலும் அழகு, அறம் என்னும் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி நடைபெறுகிறது. படம் எடுக்கப்பட்ட சூழலைக் கருதாமல் இவ்விவாதத்தை முடிவுக்குக் கொண்டுவர இயலாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

அழகியலாக்கம் என்னும் குற்றச்சாட்டு

இக்குற்றச்சாட்டு புதியதன்று. ஜெர்மானியக் கலைஞர் ஆல்பர்ட் ரெங்கர்-பாட்ச் 1928இல் வெளியிட்ட படநூலை முன்வைத்து வால்டர் பென்யமின் இதனை எழுப்பினார். எதைக் கண்டாலும் அழகெனக் காட்டும் நிழற்படம் வறுமையையும் நுகர்பொருளாக்கிவிடும் என்பது அவர் கருத்து. ஓர் ஆலையின் புறத்தோற்றத்தைக் காட்டும் படம் அதற்குள் நிலவும் மனித உறவுகளைக் காட்டுவதில்லை என்ற பிரெக்டின் கருத்தையும் 1931இல் எழுதிய கட்டுரையில் அவர் எடுத்தாண்டார்.

ஸ்டைன்மெட்ஸின் படங்களுக்கு இவ்விமர்சனம் பெரிதும் பொருந்துவதாகவே தோன்றும். விஸ்கான்சின் மாநிலப் பால்பண்ணை ஒன்றில், கன்றுகளைத் தனித்தனியே அடைத்து வளர்க்கும் வெண்ணிறக் கூடுகள் வானிலிருந்து கோலப்புள்ளிகளைப்போல் வரிசையாகத் தெரிகின்றன. ஒரு கூட்டில் ஒரு கன்று, தாயைப் பிரிந்து வளர்கிறது என்னும் செய்தியைக் கண் உடனே பற்றுவதில்லை; முதலில் பற்றுவது வரிசையின் ஒழுங்கையே. படக்குறிப்பைப் படித்த பின்னரே பார்வையாளர் ஒவ்வொரு புள்ளியையும் ஓர் உயிராக எண்ணத் தொடங்குகிறார்.

பூட்டிய வாயிலும் வான்கோணமும்

ஆயினும் இத்தொலைவு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியுள்ளது. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம், நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் உணவு குறித்த தொடருக்காக ஸ்டைன்மெட்ஸ் கான்சாஸ் மாநிலத்தில் மோட்டார் பொருத்திய பாராகிளைடரில் பறந்து, இறைச்சிக்காக மாடுகளை அடைத்துத் தீனியிடும் பட்டி ஒன்றைப் படமெடுத்தார். தரையிறங்கியதும் அத்துமீறல் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார்.

இந்நிகழ்வைத் தனியாள் ஒருவரின் அனுபவமாகக் கொள்வதற்கில்லை. கால்நடைக் கூடங்களில் உரிமையாளரின் இசைவின்றிப் படமெடுப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கான்சாஸ் 1990இலேயே இயற்றியிருந்தது. பிற மாநிலங்கள் சிலவும் பின்னர் இவ்வழியைப் பின்பற்றின. கான்சாஸ் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் பேச்சுரிமைக்கு முரணானவை என 2020இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஸ்டைன்மெட்ஸ்மீது பதிவானது பொதுவான அத்துமீறல் குற்றச்சாட்டே எனினும், உணவு உருவாகும் இடத்தைப் பார்ப்பதே தகராறுக்குரியதாக இருந்த சூழலை இவ்விரண்டும் சேர்ந்து காட்டுகின்றன.

மிஷ்கா ஹென்னர் இச்சூழலை வேறுவகையில் எதிர்கொண்டார். ‘ஃபீட்லாட்ஸ்’ (2012–13) என்னும் அவரது படவரிசைக்காக அவர் கேமராவைக் கையிலெடுக்கவே இல்லை. இணையத்தில் எவரும் காணக்கூடிய செயற்கைக்கோள் படத்துண்டுகளை ஒன்றிணைத்து டெக்சாஸ் மாநிலப் பட்டிகளின் பேருருக்களை உருவாக்கினார். அவற்றுள் ஒன்றில், மாட்டுக்கழிவு தேங்கிய குளம் நிலத்தில் வெட்டுண்ட காயம்போல் செந்நிறத்தில் விரிகிறது. பட்டிக்குள் ஒருவரும் நுழையவில்லை, எவரும் அத்துமீறவில்லை.

ஆகவே இப்படைப்புகளில் வான்கோணம் கலைஞரின் விருப்பத் தேர்வாக மட்டும் அமையவில்லை. மூடிய வாயிலின் விளைவாகவும் அமைகிறது. தரையிலிருந்து பார்க்க வழியிருக்கும் இடங்களில் அதே கலைஞரின் படங்கள் மாறுவதும் இதற்குச் சான்றாகும். மௌரித்தானியாவின் நுவாதிபூ துறைமுகத்தில் ஆக்டோபஸைப் பிடிக்கும் படகுகளை ஸ்டைன்மெட்ஸ் காட்டும்போது மனிதர் கண்ணுக்குத் தெரிகின்றனர். ஆனால் இவ்வேறுபாடு ஒரு தவறான முடிவுக்கும் இட்டுச்செல்லக்கூடும். மனிதர் நிறைந்த படம் பழமையையும், மனிதரற்ற படம் எதிர்காலத்தையும் குறிப்பதாகப் பார்வையாளர் எண்ணிவிடலாம்.

திறந்த வாயிலும் தூய்மையின் காட்சியும்

வாயில் திறந்தால் இச்சிக்கல் தீர்ந்துவிடுமா? ஹெங்க் வில்ட்ஸ்குட்டின் ‘ஃபுட்’ (2013) நூலும், 2017 செப்டம்பர் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் வெளியான லூகா லொகாட்டெல்லியின் படங்களும் இவ்வினாவுக்கு உதவுகின்றன. இரண்டும் நெதர்லாந்தின் வேளாண்மையை மையமாகக் கொண்டவை. கூடங்களின் உட்புறத்தைப் படமெடுக்க நிறுவனங்களின் இசைவு இன்றியமையாதது. இங்குத் தொலைவு மறைந்து, அதன் இடத்தில் தூய்மை வந்தமர்கிறது. செயற்கை ஒளியில் வளரும் பயிர்கள், மண்ணே இல்லாத தட்டுகள், பாதுகாப்பு உடையணிந்த பணியாளர் எனக் காட்சிகள் ஆய்வுக்கூடத்தை நினைவூட்டுகின்றன. வில்ட்ஸ்குட் குறைகூறும் நோக்கத்தோடு மட்டும் படமெடுக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. ஆயினும் பார்வையாளர் காண்பது, காட்டுவதற்கு அணியமாக இருந்த இடங்களையே.

மனிதர் படத்தில் இடம்பெறுவதே போதுமா என்னும் வினாவுக்கு எட்வர்ட் பர்டின்ஸ்கியின் படம் விடை தருகிறது. சீனத்தின் ஜிலின் மாகாணத்திலுள்ள கோழி பதப்படுத்தும் ஆலையில் 2005இல் அவர் எடுத்த படத்தில், இளஞ்சிவப்பு உடையும் நீலநிற மேலங்கியும் அணிந்த தொழிலாளர்கள் முடிவின்றி நீளும் வரிசைகளில் நிற்கின்றனர். அவர்கள் முகமூடியணிந்துள்ளனர். விஸ்கான்சின் கூடுகளைப் போலவே இங்கு மனிதரும் ஒழுங்குவரிசையின் அலகாகின்றனர். அனுமதி கிடைத்த இடத்திலும் உழைப்பவரின் ஊதியம், நேரம், உடல்நிலை ஆகியன சட்டகத்துக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

கருப்பொருள் தரும் நோக்கு

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தொகுக்கும்போது உணவையும், விலங்கையும், மரத்தையும், மக்கள் செய்யும் தொழிலையும் ஒரே நிரலில் வைக்கிறது. இலக்கியக் கோட்பாடாகிய இதனை அயல்நாட்டு நிழற்படங்களின்மேல் அப்படியே ஏற்றிவிட இயலாது. எனினும் உணவும் தொழிலும் பிரிக்கப்படாத இந்நிரல் பயன்தரும் ஓர் அளவுகோலாக அமைகிறது. ஆய்வுக்குரிய படங்களில் உணவும் விலங்கும் பெருகித் தெரிகின்றன. தொழில் மங்குகிறது அல்லது வடிவமாகிவிடுகிறது. ‘எத்தனை பேருக்கு உணவளிப்பது’ என்ற வினா படத்தில் விரிவாக விடை பெறுகிறது. ‘யார் உழைத்து, யார் முடிவெடுத்து’ என்ற வினாவைப் படக்குறிப்போ உடனமையும் உரையோதான் எழுப்ப வேண்டியுள்ளது.

முடிவுரை

உணவு உற்பத்தி குறித்த நிழற்படம் ஒன்றை மதிப்பிடுமுன், கலைஞர் எங்கு நின்றார், யாருடைய இசைவோடு நின்றார் என்று வினவுதல் திறனாய்வின் முதற்பணியாக வேண்டும். ஸ்டைன்மெட்ஸ், ஹென்னர் ஆகியோரின் படங்களிலுள்ள தொலைவை அழகியல் குறையென ஒதுக்கினால், அத்தொலைவை உண்டாக்கிய வேலிகள் விமர்சனத்திலிருந்து தப்பிவிடும். வில்ட்ஸ்குட், லொகாட்டெல்லி ஆகியோரின் அண்மைக்காட்சியை வெளிப்படைத்தன்மை என்று ஏற்றுக்கொண்டால், காட்டப்படாத கூடங்கள் மறக்கப்படும். உண்பவர்க்குத் தம் உணவு உருவாகும் இடத்தைக் காணும் உரிமை உண்டா என்பதே இப்படங்கள் அனைத்தின் அடியிலும் உள்ள வினா. அதற்கு விடை காண, படத்தோடு படக்குறிப்பையும், நுழைவை ஒழுங்குபடுத்தும் சட்டத்தையும் சேர்த்து வாசிக்கும் முறை நிழற்படத் திறனாய்வுக்குத் தேவைப்படுகிறது.