பின்கட்டையும் திறக்கட்டும் சார்ல்ஸ்டன்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஆஷ்லி, கூப்பர் என்ற இரு ஆறுகள் கடலைத் தொடும் முனையில் இருக்கிறது சார்ல்ஸ்டன். ஆண்டுதோறும் வசந்த காலத்தில் இந்தத் துறைமுக நகரத்துப் பழைய வீட்டுக்காரர்கள் சிலர் தங்கள் வாசற்கதவை வெளியாருக்குத் திறந்துவிடுகிறார்கள். சீட்டு வாங்கியவர்கள், அன்றைக்குக் குறித்த தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கலாம். அறைகளில் தன்னார்வலர்கள் நின்று மேசை, நாற்காலி, மாடிப்படி என ஒவ்வொன்றின் கதையையும் சொல்வார்கள். வசூல், 1947இல் தொடங்கப்பட்ட ஹிஸ்டாரிக் சார்ல்ஸ்டன் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளைக்குப் போகிறது. எண்பது ஆண்டை நெருங்கும் இந்த வழக்கம் மதிப்புக்குரியது. ஆனால் அது பாதி வீட்டைத்தான் காட்டுகிறது.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். சார்ல்ஸ்டனுக்கே உரிய வீடு ஓர் அறை அகலம்தான் இருக்கும். குறுகிய பக்கம் தெருவைப் பார்க்கும், நீளப் பக்கம் மனைக்குள் ஓடும். தெற்கிலோ மேற்கிலோ மாடிக்கு மாடி தூண் வைத்த நீண்ட தாழ்வாரம். கோடைப் புழுக்கத்தில் கடற்காற்றைப் பிடிக்கச் செய்த ஏற்பாடு அது. தெருக்கதவைத் திறந்தால் நேரே வீட்டுக்குள் போக முடியாது, தாழ்வாரத்தில்தான் கால் வைப்போம். வெளிச்சுவரில் தெரியும் இரும்பு வில்லைகள், 1886 நிலநடுக்கத்துக்குப் பிறகு சுவர்களை இழுத்துப் பிடிக்கச் செருகிய கம்பிகளின் முனைகள். அந்தத் தாழ்வாரத்தில் நின்று காற்று எப்படி வருகிறது என்று உணர்ந்தவருக்குப் பிறகு எந்த விளக்கமும் தேவையில்லை. படமும் புத்தகமும் அதைத் தர முடியாது.

பணம் செய்த வேலையும் சிறியதல்ல. பழைய வீடுகளைக் காக்க 1920இலேயே சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட் முன்னின்று ஒரு சங்கம் அமைத்தார். 1931இல் நகரம், அந்த நாட்டிலேயே முதன்முறையாக, ஒரு வட்டாரத்தையே வரலாற்றுப் பகுதியாக வரையறுத்துச் சட்டம் போட்டது. ஆனால் சட்டம் கூரை ஒழுகலை நிறுத்தாது. அந்த இடத்தில்தான் அறக்கட்டளை வந்தது. 1957இல் அது ஒரு சுழல்நிதி திரட்டியது. இடிந்துபோகும் நிலையில் உள்ள வீட்டை வாங்குவது, தேவையான அளவு செப்பனிடுவது, இனி இஷ்டப்படி மாற்றக் கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி விற்பது, வந்த பணத்தில் அடுத்த வீட்டை வாங்குவது. ஆன்சன்பரோ என்ற பகுதியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் இப்படிப் பிழைத்தன. மற்ற ஊர்கள் பார்த்துப் பின்பற்றிய முறை இது.

வீடுகள் பிழைத்தன. அவற்றில் குடியிருந்தவர்கள்? ஆன்சன்பரோவில் அப்போது இருந்தவர்கள் பெரும்பாலும் வாடகைக்குக் குடியிருந்த ஏழைகள், அவர்களில் கறுப்பினத்தவர் ஏராளம். வீடு கைமாறியதும் அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று, வந்தவர்கள் வசதியான வெள்ளையர். 1980 வாக்கில்கூடப் பழைய நகரத் தீபகற்பத்தில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை, இன்று சிறுபான்மை. இதற்குச் சுழல்நிதி மட்டுமே காரணம் என்று சொல்வது அநியாயம். நெடுஞ்சாலை, பல்கலைக்கழக விரிவாக்கம், சுற்றுலா எல்லாமே சேர்ந்து தள்ளின. ஆனாலும் வீட்டின் வயதுக்குக் காட்டிய அக்கறையை வீட்டில் வாழ்ந்தவருக்குக் காட்டாத தவறு அறக்கட்டளையின் கணக்கில்தான் சேரும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. வட அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் சார்ல்ஸ்டன் வழியாக வந்தார்கள் என்பது பரவலான மதிப்பீடு. இந்த வீடுகளின் சலவைக்கல் கணப்பும் பெருமாடிப்படியும் அவர்களுடைய நெல் வயல் உழைப்பில் வந்தவை. மனையின் பின்கட்டில் சமையல் வீடு, அதன் மாடியில் அவர்கள் படுத்த அறைகள். சுற்றிப் பார்க்க வருபவர்கள் வரவேற்பறையில் கால் மணி நேரம் நிற்கிறார்கள். பின்கட்டோ பல மனைகளில் இப்போது விருந்தினர் அறையாகவோ வாடகைக் குடிலாகவோ மாறிவிட்டது, எட்டிப் பார்க்கக்கூட வழியில்லை.

எட்டிப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அறக்கட்டளையே சான்று தந்திருக்கிறது. அதன் சொந்த அருங்காட்சியகமான நத்தானியேல் ரஸ்ஸல் இல்லம் 1808இல் கட்டப்பட்டது. தாங்கு தூண் எதுவுமின்றி மூன்று மாடிக்குச் சுழன்றேறும் படிக்கட்டுக்குப் பெயர் போனது. அதன் சமையல் வீட்டுச் சுவரைப் பிரித்தபோது உள்ளே எலிக்கூடுகள் இருந்தன. எலி இழுத்துச் சேர்த்த குப்பையில் குண்டூசி, பொத்தான், துணிக்கிழிசல், எழுத்துப் பழகும் ஏட்டின் ஒரு துண்டு. அடிமைக்கு எழுதச் சொல்லித்தருவதை அந்த மண் 1740இலேயே குற்றமாக்கியிருந்தது. 1834இல் வாசிக்கக் கற்றுத்தருவதும் குற்றமாயிற்று. அந்தக் காகிதத் துண்டின் அருகில் வைத்துப் பார்த்தால், புகழ்பெற்ற படிக்கட்டு சிறுத்துப்போகிறது.

தன் அருங்காட்சியகத்தில் இவ்வளவு நேர்மையாகப் பேசும் அமைப்பு, தனியார் வீட்டில் ஏன் தயங்குகிறது? அங்கே வருபவர் விருந்தாளி, கதவைத் திறந்தவர் உபகாரி. உபகாரம் செய்தவரின் கூடத்தில் நின்றுகொண்டு, இந்த மனையில் எத்தனை பேர் விலைக்கு வாங்கப்பட்டார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுகிறது. மரபுச் செல்வம் வீட்டுக்காரரின் பெருந்தன்மையை நம்பி நிற்கும்வரை அதைப் பற்றிய உண்மையும் அவர் முகம் கோணாத அளவுக்குத்தான் பேசப்படும். இந்த முறையின் உள்ளேயே இருக்கும் கோளாறு இது. தனி மனிதரைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்றைய உரிமையாளர் அடிமை வைத்திருந்தவரல்ல, பலர் வெளியூரிலிருந்து வந்து வாங்கியவர்கள்.

அதனால்தான் அறக்கட்டளை இதை அவரவர் விருப்பத்துக்கு விடாமல் விதியாக்க வேண்டும் என்கிறேன். சுற்றுலாப் பட்டியலில் சேரும் மனை பின்கட்டோடு சேர வேண்டும். அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்கள் உயில்களிலும் சொத்துக் கணக்குகளிலும் கிடக்கின்றன. கட்டியவர் பெயரைச் சொல்லும் வழிகாட்டி அந்தப் பெயர்களையும் சொல்ல வேண்டும். இது நடக்காத காரியமல்ல. ஜோசஃப் மெக்கில் 2010 முதல் அடிமைக் குடியிருப்புகளில் இரவு தங்கி, உரிமையாளர்களோடும் ஊராரோடும் இதைப் பேசி வருகிறார், கதவுகள் திறக்கத்தான் செய்கின்றன. நகரத்து இரும்புக் கதவுகள் பலவற்றை அடித்த கறுப்பினக் கொல்லர் ஃபிலிப் சிம்மன்ஸின் பெயரை இன்று சார்ல்ஸ்டன் பெருமையோடு சொல்கிறது. அதனால் எந்த வீட்டின் மதிப்பும் குறையவில்லை.

வசூல் எங்கே போகிறது என்பதும் மாற வேண்டும். கடல் ஏறுகிறது, மழையில்லாத நாளிலும் ஓதம் தெருவுக்கு வருகிறது. வசதியுள்ளவர்கள் வீட்டையே தூக்கி உயர்த்திக்கொள்கிறார்கள். 2019இல் டச்சு நிபுணர்களை அழைத்து நகராட்சியோடு சேர்ந்து வெள்ளத் தடுப்புத் திட்டம் வகுத்ததில் அறக்கட்டளைக்கும் பங்குண்டு, பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் வீட்டை உயர்த்த வசதியில்லாதவர்களின் நிலை வேறு. சார்ல்ஸ்டனைச் சுற்றிலும் உயிலும் பத்திரமும் பிரிவினையும் இல்லாமல் தலைமுறையாகக் கூட்டுச் சொத்தாகவே வரும் கறுப்பினக் குடும்ப நிலங்கள் நிறைய. தெளிவான உரிமைப் பத்திரம் இல்லாததால் வங்கிக் கடன் கிடைக்காது, கூரை மாற்ற அரசு உதவி வாங்குவதும் பெரும்பாடு. ஒரு பங்காளி தன் பாகத்தை வெளியாருக்கு விற்றால் போதும், நீதிமன்றம் வழியாக மொத்த நிலமும் ஏலத்துக்குப் போகலாம். சீட்டுப் பணத்தில் நிலையான ஒரு பங்கு இந்தக் குடும்பங்களின் பத்திரச் செலவுக்கும் கூரைச் செலவுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் அந்தக் கணக்கு சீட்டின் பின்புறத்திலேயே அச்சாகட்டும்.